டெர்மினேட்டருக்கு யார் போட்ட மார்க் சரி?

2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. கேம் கடைகளில் அன்று கூட்டம் சேர்ந்தது 'ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர்' வாங்கத்தான். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் பணம், ரெஸ்பான் ஸ்டூடியோவின் கைவண்ணம், டிஸ்னியின் ஆசீர்வாதம் என்று எல்லாம் கூடிவந்த கேம் அது. நின்டென்டோவும் தன் பங்குக்கு அதே நாளில் இரண்டு போக்கிமான் கேம்களை இறக்கியிருந்தது. ஒரு வாரம் முன்பு வந்த ஹிடியோ கோஜிமாவின் 'டெத் ஸ்ட்ராண்டிங்' பற்றிய சண்டையே இன்னும் ஓயவில்லை. இந்த நெரிசலில், ஐரோப்பியக் கடைகளின் ஓரத்து ஷெல்ஃபில் ஒரு கேம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. பெயர் 'டெர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ்'. உருவாக்கியது போலந்தைச் சேர்ந்த டெயான் என்ற சிறிய நிறுவனம். வெளியிட்டது ரீஃப் என்டர்டெயின்மென்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. அமெரிக்காவுக்கு அது டிசம்பர் தொடக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள். விமர்சன மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பதிப்புகள் இரண்டும் நூற்றுக்கு ஐம்பதைத் தொடவில்லை. அதாவது சிவப்புக் கட்டம். கணினிப் பதிப்பு மட்டும் ஐம்பதைக் கொஞ்சம் தாண்டி மஞ்சளுக்குள் நுழைந்தது. அதே நாளில் வந்த ஸ்டார் வார்ஸ் கேமுக்கு 80-ஐ ஒட்டி மதிப்பெண். இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். சினிமாவை வைத்து எடுத்த மட்டமான கேம்களின் நீண்ட பட்டியலில் இன்னொன்று என்று எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்திருப்பார்கள்.

ஆனால் காசு கொடுத்து வாங்கி விளையாடியவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில், வாங்கியவர்கள் மட்டுமே கருத்து எழுத முடியும். அங்கே கருத்து எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 'நல்லாயிருக்கு' என்று கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒரு வாரம் பத்து நாள் உற்சாகம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஆண்டுகள் ஓடியும் அந்த விகிதம் இறங்கவே இல்லை.

ஒரே கேம். ஒரு பக்கம் ஃபெயில், இன்னொரு பக்கம் டிஸ்டிங்ஷன். இதில் யார் ஏமாந்தார்கள்?

ராம்போ போட்ட கடன்

விமர்சகர்கள் ஏன் புருவத்தை உயர்த்திக்கொண்டே இந்த கேமைத் திறந்தார்கள் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. டெயான் 2006-ல் தொடங்கிய நிறுவனம். கையடக்க நின்டென்டோ கருவிகளுக்கான சின்னச் சின்ன கேம்கள், 'ஹெவி ஃபயர்' என்ற பெயரில் மலிவு விலைத் துப்பாக்கிச் சண்டை கேம்கள் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தது. 2014-ல் அதற்கு ஒரு பெரிய பெயர் கிடைத்தது. அதே ரீஃப் நிறுவனத்துக்காக 'ராம்போ: தி வீடியோ கேம்'.

அதில் ராம்போவை நாம் நடத்திச் செல்ல முடியாது. தண்டவாளத்தில் ஓடுவதுபோல கேம் தானாக நகரும், நாம் குறிபார்த்துச் சுட வேண்டும், அவ்வப்போது திரையில் தோன்றும் பட்டனைச் சட்டென அழுத்த வேண்டும். 1990-களில் ஆர்கேட் கடைகளில் காசு போட்டு ஆடிய பாணி அது. சில்வெஸ்டர் ஸ்டாலோனை அழைத்துப் புதிதாக வசனம் பேசவைக்கவும் இல்லை. முதல் மூன்று படங்களின் ஒலிப்பதிவிலிருந்தே அவர் குரலை வெட்டி எடுத்து ஒட்டினார்கள். முப்பது வருடப் பழைய சினிமா ஒலி, புது பொம்மையின் வாயிலிருந்து வந்தபோது கேட்கச் சகிக்கவில்லை. அந்த ஆண்டின் மிக மோசமான கேம்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் ராம்போவுக்கு இடம் இருந்தது.

ஆகவே, 'ராம்போவைக் கெடுத்த அதே கூட்டணி இப்போது டெர்மினேட்டரைத் தொடுகிறது' என்ற செய்தி வந்தபோது, டெர்மினேட்டரைப் பிடித்தவர்களே நொந்துபோனார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது.

இந்த அவநம்பிக்கைக்கு ராம்போ மட்டும் காரணமும் இல்லை. சினிமா கேம் என்றாலே ஒரு சாபம் இருக்கிறது. 1982-ல் அட்டாரி நிறுவனம் ஸ்பீல்பெர்கின் 'ஈ.டி.' படத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் கொட்டி உரிமம் வாங்கியது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக கேமை உருவாக்க ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே மனிதருக்கு ஐந்து வாரம் அவகாசம் கொடுத்தது. விற்காத கேட்ரிட்ஜ்களை மறு ஆண்டு நியூ மெக்ஸிகோ பாலைவன ஊரான அலமகோர்டோவின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தபோது அவை உண்மையாகவே அங்கே கிடந்தன. வார்ஷாவும் பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்கு முன்னால் 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற அருமையான கேமைச் செய்த மனிதர் அவர் என்பது பலருக்கு நினைவில்லை.

ஈ.டி.யைக் கெடுத்தது திறமையின்மை இல்லை, காலண்டர். சினிமா வெளியாகும் தேதிக்கோ பண்டிகைக்கோ கேம் தயாராக வேண்டும். இருக்கும் பணத்தில் பெரும்பங்கை உரிமத் தொகையே விழுங்கிவிடும். மிச்சத்தில் சமைத்துத் தர வேண்டியது கூலிக்கு அமர்த்தப்பட்ட ஸ்டூடியோ. எல்லோரும் கொண்டாடும் 'கோல்டன்ஐ 007' இந்தச் சாபத்திலிருந்து தப்பியதற்குக் காரணம், அது படம் வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து 1997-ல் நிதானமாக வந்ததுதான். டெர்மினேட்டருக்கே இந்த அனுபவம் உண்டு. 2009-ல் 'டெர்மினேட்டர் சால்வேஷன்' படத்தோடு சேர்ந்து வந்த கேமை ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம். அதைச் செய்த ஸ்வீடனின் கிரின் நிறுவனம் அதே ஆண்டில் இழுத்து மூடப்பட்டது.

குற்றப்பத்திரிகை

'ரெசிஸ்டன்ஸ்' மீது விமர்சகர்கள் வைத்த குற்றச்சாட்டுகள் என்ன? கேமில் நம் பாத்திரம் ஜேக்கப் ரிவர்ஸ் என்ற சாதாரணச் சிப்பாய். ஸ்கைநெட் என்ற கணினி உலகை அழித்த பிறகான லாஸ் ஏஞ்சல்ஸ். பசடீனாவில் அவருடைய படைப்பிரிவு மொத்தமும் அழிய, இவர் மட்டும் தப்புகிறார். இடிபாடுகளில் ஒளிந்திருக்கும் சிலரோடு சேர்ந்து, ஜான் கானரின் எதிர்ப்புப் படையின் கடைசித் தாக்குதல் வரை போக வேண்டும்.

பேசும்போது பாத்திரங்களின் முகத்தில் சலனமில்லை. உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். பூட்டை நெம்பித் திறக்கும் விளையாட்டு, பெதஸ்டாவின் 'ஸ்கைரிம்' கேமிலிருந்து அப்படியே எடுத்துவைத்தது போல இருக்கிறது. (பெதஸ்டாவே 1995-ல் 'டெர்மினேட்டர்: ஃபியூச்சர் ஷாக்' என்ற நல்ல கேமைச் செய்த நிறுவனம். கடன் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.) கணினியை ஹேக் செய்யும் இடத்தில், தவளை சாலையைக் கடக்கும் பழைய 'ஃப்ராகர்' கேம் எட்டிப்பார்க்கிறது. எதிரிகள் புத்திசாலிகள் இல்லை. நடுவில் வரும் காதல் காட்சியைப் பார்த்தால் யாரும் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஆட வேண்டும் என்று தோன்றும். கவர்ச்சியால் அல்ல, கூச்சத்தால். மொத்தத்தில், பத்து வருடத்துக்கு முந்தைய கேமைப் புது டப்பாவில் போட்டிருக்கிறார்கள் என்பது தீர்ப்பு.

இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஒவ்வொரு குறையும் கேமில் கண்ணெதிரே இருக்கிறது. அத்தோடு, கன்சோலில் இதை விற்றது பெரிய கேம்களுக்கு இணையான விலைக்கு. அதே பணத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டார் வார்ஸ் கிடைக்கும்போது, 'இதை வாங்காதீர்கள்' என்று எழுதிய விமர்சகர் தன் வாசகருக்கு நல்லதைத்தான் செய்தார்.

அந்த ஆஸ்பத்திரி

இனி ரசிகர்கள் பக்கம். அவர்கள் எதைக் கண்டு விழுந்தார்கள் என்பதற்கு கேமின் தொடக்கப் பகுதியில் வரும் ஆஸ்பத்திரி ஒன்றே போதும்.

பாழடைந்த கட்டடம். இருட்டு. உள்ளே டி-800 என்ற உலோக எலும்புக்கூடு எந்திரங்கள் ரோந்து வருகின்றன. கையில் இருக்கும் துப்பாக்கி அவற்றின் உலோக உடம்பைக் கீறக்கூடச் செய்யாது. சுட்டால் நாம் இருக்கும் இடம் தெரியும், அவ்வளவுதான். சுவரைத் தாண்டி எதிரியின் உருவத்தைக் காட்டும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் குந்தியிருந்தால், பக்கத்து அறையில் ஓர் எலும்புக்கூடு நிதானமாக நடப்பது தெரிகிறது. அவசரமே இல்லாத நடை. உலோகப் பாதம் தரையில் விழும் ஒவ்வொரு ஓசையும் தனித்தனியாகக் கேட்கிறது. அது திரும்பும் வரை காத்திருந்து, குனிந்தபடியே நடைபாதையைக் கடக்க வேண்டும். சிவப்புக் கண் நம் பக்கம் திரும்பிவிட்டால் ஓட்டம்தான்.

1984-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த முதல் படத்தின் பயம் இதுதான். நம்மூரில் டெர்மினேட்டர் என்றால் அர்னால்ட். 2014-ல் 'ஐ' படப் பாடல் வெளியீட்டுக்கு அவர் சென்னை வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது புரியும். ஆனால் கேமரூனின் அந்த முதல் படத்தின் முதுகெலும்பு வேறு. ஸ்டான் வின்ஸ்டன் உருவாக்கிய உலோக எலும்புக்கூடு, சோர்வே அறியாமல் வந்துகொண்டே இருக்கும் என்ற எண்ணம். அடுத்தடுத்த படங்கள் அதைப் பெரிய வெடிப்புகளுக்கு அடியில் தொலைத்துவிட்டன.

தொலைந்தது இன்னொன்றும் உண்டு. எதிர்காலப் போர். முதல் படத்தில் அது சில நிமிடங்கள்தான் வரும். நீல இருட்டு, மண்டையோடுகளை நொறுக்கிக்கொண்டு உருளும் டாங்கி, தலைக்கு மேல் தேடுவிளக்கோடு பறக்கும் எந்திரம், கீறிச் செல்லும் ஊதா லேசர். படத்தின் மொத்தச் செலவே 64 லட்சம் டாலர் என்பதால் பொம்மை மாடல்களை வைத்துத்தான் அதை எடுத்தார்கள். 1991-ல் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் மறுபடி ஒரு சின்னத் துண்டு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: இந்தப் போரையே முழுப்படமாக எப்போது காட்டுவீர்கள்? 2009-ல் 'சால்வேஷன்' காட்டியது, ஆனால் பட்டப்பகல் வெயிலில், புழுதி நிறத்தில். அந்த இரவு வரவே இல்லை.

டெயான் அந்த இரவை அப்படியே கட்டியது. லேசரின் நிறம், துப்பாக்கியின் ஒலி, முதல் படங்களுக்கு இசையமைத்த பிராட் ஃபீடலின் உலோகத் தாளத்தை ஒட்டி எழுப்பிய பின்னணி இசை, ஜான் கானர் இறுதித் தாக்குதலுக்குப் படை திரட்டும் கட்டம் என்று எதிலும் 'நாங்கள் புதிதாக யோசித்தோம்' என்ற திமிர் இல்லை. கேமின் கதை முதல் படம் தொடங்கும் இடத்தில் போய் முட்டுகிறது. உதடு ஒட்டாத பொம்மைகளை மன்னித்துவிட்டு ரசிகர்கள் கண்கலங்கியதற்கு இதுதான் காரணம்.

கேம் வந்த நேரமும் உதவியது. கேம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 1-ம் தேதி, 'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' திரைக்கு வந்திருந்தது. கேமரூனே தயாரிப்பாளர், லிண்டா ஹாமில்டன் திரும்பி வந்திருந்தார், செலவு 18 கோடி டாலருக்கும் மேல். படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே ஜான் கானரைச் சுட்டுக் கொன்றார்கள். முதல் இரண்டு படங்களும் யாரைக் காப்பாற்றத் தவித்தனவோ அந்தப் பையனை! படம் நஷ்டம். தியேட்டரிலிருந்து கடுப்போடு வெளியே வந்த ரசிகரின் கையில், ஜான் கானரை மதிக்கும் ஒரு சிறிய கேம் வந்து சேர்ந்தது. ரசிகர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு டார்க் ஃபேட் மீதான கோபம் என்றே நான் நினைக்கிறேன்.

கட்டைவிரல் கணக்கு

ஆனால் 'விமர்சகன் ஒழிக, ரசிகன் வாழ்க' என்று கோஷம் போடவும் முடியாது. ஸ்டீமின் 90 சதவீதமும் மெட்டாக்ரிட்டிக்கின் 50-ம் ஒரே அளவுகோல் இல்லை. ஸ்டீமில் மதிப்பெண் கிடையாது. பரிந்துரைக்கிறாயா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். நூறு பேர் விளையாடி, தொண்ணூறு பேர் மனசுக்குள் 'பத்துக்கு ஆறு, பரவாயில்லை, வாங்கலாம்' என்று நினைத்தாலும் அங்கே 90 சதவீதம் என்றுதான் விழும். சுமாரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கும் பிரமாதம் என்பதற்கும் அந்தக் கட்டத்தில் வித்தியாசம் தெரியாது.

போதாததற்கு, அங்கே ஓட்டுப் போடுவது யார் என்று பாருங்கள். 2019-ல் ஒரு டெர்மினேட்டர் கேமைத் தேடிப்போய் வாங்குகிறவர் ஏற்கெனவே பாதி பக்தர். அதிலும் பலர் தள்ளுபடி விலையில் வாங்கியவர்கள். விலை பாதியானால் குறையும் பாதியாகத்தான் தெரியும். விமர்சகரோ விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும், நெருக்கியடிக்கும் நவம்பரில், அடுத்த கேம் மேஜையில் காத்திருக்கும்போது இதை ஆடி முடிக்க வேண்டும்.

மெட்டாக்ரிட்டிக் எண்ணையும் தெய்வவாக்காக எடுக்க வேண்டியதில்லை. எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை தராமல், எதற்கு எவ்வளவு என்பதையும் வெளியே சொல்லாமல் போடும் சராசரி அது. இந்த எண்ணை நம்பி ஆட்களின் சம்பளமே தீர்மானமாகியிருக்கிறது. 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமுக்கு 85 வந்திருந்தால் அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ் கிடைத்திருக்கும். வந்தது 84. போனஸ் இல்லை. இன்று அந்த வரிசையிலேயே சிறந்த கேம் அதுதான் என்று சொல்வோர் ஏராளம்.

என் கணக்கு இது. குறைகளைப் பட்டியல் போட்டதில் விமர்சகர்கள் தவறவில்லை. இந்த கேம் யாருக்கானது என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை என்பதில்தான் தவறினார்கள். உதட்டசைவு சரியில்லை என்பதை வாங்கியவர் ஐந்து நிமிடத்தில் தானே கண்டுபிடித்துவிடுவார். அந்த ஆஸ்பத்திரியின் இருட்டுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாமா என்பதைச் சொல்லத்தானே விமர்சகர் வேண்டும்? அதே சமயம், கேமின் பின்பாதியில் பிளாஸ்மா துப்பாக்கி கைக்கு வந்ததும் டி-800-களை வரிசையாகச் சுட்டுத் தள்ளுகிறோம். முதல் மணி நேரங்களில் மேஜைக்கு அடியில் நடுங்கியதெல்லாம் வீணாகிறது. கேமின் உண்மையான குறை இதுதான், முகபாவம் இல்லாதது அல்ல. இதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டெயான் வாங்கிய அடியில் சுருண்டு போகவில்லை. எதிரியாகவே, அதாவது டி-800 ஆகவே விளையாடும் 'இன்ஃபில்ட்ரேட்டர்' பகுதியை உருவாக்கிக் கணினிப் பதிப்புக்கு இலவசமாகச் சேர்த்தது. 2021-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு மெருகேற்றிய பதிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், முதல் படத்தில் வரும் கைல் ரீஸுடன் சேர்ந்து போகும் 'அனைஹிலேஷன் லைன்' என்ற துணைக்கதையும் வந்தது. விற்காத கேமுக்கு யாரும் இரண்டு வருடம் கழித்துத் துணைக்கதை எழுத மாட்டார்கள்.

பிறகு, 2023 நவம்பர் 2-ம் தேதி, இதே டெயான் நேக்கான் நிறுவனத்துக்காக 'ரோபோகாப்: ரோக் சிட்டி' வெளியிட்டது. செய்முறை மாறவில்லை. எண்பதுகளின் படம் ஒன்றை எடுத்து, அதன் ஊரை, ஒலியை, துப்பாக்கியைப் பக்தியோடு மறுபடி கட்டுவது. இம்முறை கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தது. ராம்போவில் செய்யாததை இதில் செய்தார்கள். ரோபோகாப்பாக நடித்த பீட்டர் வெல்லரையே அழைத்துவந்து குரல் கொடுக்கவைத்தார்கள். ரத்தம் தெறிக்கும் சண்டைக்கு நடுவே ரோபோகாப் தெருவில் இறங்கி, தவறாக நிறுத்திய காருக்கு அபராதச் சீட்டு எழுதுவார். அந்தப் படத்தின் நக்கலைப் புரிந்துகொண்டவர்களால்தான் அப்படி ஒரு காட்சியை யோசிக்க முடியும்.

முகங்கள் அதிலும் விறைப்புதான். எதிரிகள் அதிலும் மண்டுகள்தான். ஆனால் இந்தத் தடவை மெட்டாக்ரிட்டிக்கில் எழுபதைத் தொட்டது. முதல் இரண்டு வாரத்தில் 4,35,000 பேர் விளையாடினார்கள், தங்கள் வரலாற்றிலேயே சிறந்த தொடக்கம் இதுதான் என்று நேக்கான் அறிவித்தது. பணமும் வெல்லரின் குரலும் மதிப்பெண்ணை ஏற்றியது உண்மை. அதோடு, நான்கு வருடத்தில் விமர்சகர்கள் டெயானின் கேமை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்மை. பெரிய கேம்களின் கிராஃபிக்ஸை அதில் தேடுவதை நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் அதன் தொடர்ச்சியாக 'அன்ஃபினிஷ்டு பிசினஸ்' வந்தபோது, டெயான் என்ற பெயரைப் பார்த்து முகம் சுளிக்க ஆளில்லை.

'ரெசிஸ்டன்ஸ்' ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் இரண்டு டெர்மினேட்டர் படங்களையும் பார்க்காதவர் என்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு வேறு நல்ல கேம்கள் கிடைக்கின்றன. பார்த்தவர் என்றால் ஸ்டீமில் தள்ளுபடி வரும் வரை பொறுத்திருந்து வாங்குங்கள், முழு விலை கொடுக்காதீர்கள். கடினமான லெவலைத் தேர்ந்தெடுத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இரவில் ஆடுங்கள். காதல் காட்சி வரும்போது ஸ்கிப் பட்டனை அழுத்திவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.